குதிரை மேல் யார் ஏறலாம்?

இந்த மாத இதழுக்குத் திருவிழா பற்றி எழுதச் சொன்னார்கள். பொங்கல், ஆடிப்பெருக்கு, தேர் எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டதால் நான் கடல் தாண்டிப் போய்விட்டேன்.

வரைபடத்தில் இத்தாலி ஒரு பூட்ஸ் மாதிரி இருக்குமே, அதற்கு இடது பக்கம் மத்திய தரைக்கடலில் சார்தீனியா என்று ஒரு பெரிய தீவு. இத்தாலி நாட்டைச் சேர்ந்ததுதான். அதில் ஒரிஸ்தானோ என்ற ஊரில் நடக்கிற குதிரைத் திருவிழாவின் பெயர் சார்தில்யா. 16ஆம் நூற்றாண்டிலேயே நடந்ததற்குப் பதிவு இருக்கிறது. கிறிஸ்தவர்களின் தவக்காலம் ஆரம்பிப்பதற்கு முன்னால் கார்னிவல் கொண்டாடுவார்கள். அதன் கடைசி ஞாயிறும் கடைசி செவ்வாயும் இந்த விழா. ஞாயிறு விவசாயிகள் சங்கம் நடத்தும், செவ்வாய் தச்சர்கள் சங்கம் நடத்தும்.

தெருவில் மணலைக் கொட்டி, குறுக்கே கட்டி, நடுவில் ஓட்டை உள்ள ஒரு சின்ன நட்சத்திரத்தைத் தொங்க விடுவார்கள். முகமூடி போட்டவர் குதிரையை விரட்டிக்கொண்டு வந்து, வாள் முனையை அந்த ஓட்டையில் விட்டு நட்சத்திரத்தைத் தூக்கணும். கேட்க சுலபம். ஓடுகிற சைக்கிளில் இருந்து ஊசியில் நூல் கோக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்! நிறைய நட்சத்திரம் கிடைத்தால் அந்த வருஷம் நல்லா இருக்கும் என்பது ஊர் நம்பிக்கை.

இதைப் படமாகப் பார்த்தபோது எங்கள் வகுப்பில் பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "பாருங்கடா, அந்த ஊர்லயும் பொண்ணுங்க துணி மாட்டி விடத்தான். குதிரை ஏர்றது ஆம்பளைங்க. அதான் மரபு." எல்லாரும் சிரித்தார்கள். அதற்குள் மணி அடித்துவிட்டது. யார் என்று சொல்ல மாட்டேன், அது முக்கியம் இல்லை. அந்தப் பேச்சு சரியா என்பதுதான் என் கேள்வி. சரியில்லை என்பது என் கருத்து.

விழாவுக்குத் தலைவர் ஒருவர் உண்டு. சு கொம்பொனிதோரி என்று பெயர். அன்றைக்கு ஊரே அவர் பேச்சைத்தான் கேட்கும். நூறு பேருக்கு மேல் குதிரையோடு காத்திருந்தாலும் யார் நட்சத்திரத்துக்கு ஓடலாம் என்று முடிவு செய்வது அவர்தான். அவர் கையால் வாள் வாங்கினால்தான் ஓட முடியும்.

அவருக்கு உடை அணிவிப்பதே ஒரு பெரிய சடங்கு. ஒரு மேஜை போட்டு அதன் மேல் உட்கார வைப்பார்கள். பாரம்பரிய உடை உடுத்திய இளம் பெண்கள், மஸ்ஸாயெட்டாஸ் என்று பெயர், சுற்றி நின்று வெள்ளைச் சட்டை, நாடா, தோல் அங்கி என்று ஒவ்வொன்றாகப் போட்டு விடுவார்கள். மூத்த அம்மா ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித் தருவார். கடைசியில் முகமூடியை வைத்து ஊசி நூலால் தைத்து விடுவார்கள். அந்த நிமிஷம் வரைக்கும் அவர் சாதாரண ஆள். முகமூடி ஏறிய பிறகுதான் கொம்பொனிதோரி. அப்படியென்றால் அவரை ஆக்குவது யார்? ஊசி வைத்திருக்கிற பெண்கள்தானே! "துணி மாட்டி விடத்தான்" என்று அதை எப்படிச் சொல்ல முடியும்?

இன்னொரு விஷயம். முகமூடி மேல் போடுவது பூவேலை செய்த முக்காடு, அது பெண்கள் போடுவது. அதற்கு மேலே ஆண்கள் வைக்கிற உயரமான கறுப்புத் தொப்பி. அந்த முகமூடியின் முகமும் ஆண் முகமா பெண் முகமா என்று சொல்ல முடியாது. வேண்டுமென்றே அப்படி. முகமூடி போட்ட பிறகு அவர் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, அந்த வருஷத்துக்கு நல்லது கொண்டு வருகிறவர், அவ்வளவுதான். அதனால்தான் பெண்களும் கொம்பொனிதோரி ஆகியிருக்கிறார்கள். ஆமாம், ஆகியிருக்கிறார்கள்! பெரும்பாலும் ஆண்கள்தான் வருகிறார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரு பெண் அந்த மேஜையில் உட்கார்ந்தபோது எந்த விதியையும் மாற்ற வேண்டி வரவில்லை. அதே ஊசி, அதே முக்காடு, அதே தொப்பி. விழாவும் நின்று போகவில்லை.

விதி என்று அங்கே உண்மையில் கடுமையாகப் பார்ப்பது வேறு ஒன்றை. உடுத்த ஆரம்பித்ததிலிருந்து சாயங்காலம் களையும் வரை கொம்பொனிதோரியின் கால் தரையில் படக்கூடாது. அதற்காகக் குதிரையை மேஜை பக்கத்திலேயே கொண்டு வந்து நிறுத்துவார்கள். மேஜையிலிருந்து நேராகக் குதிரை. இதைத்தான் மரபு என்று கட்டிக் காக்கிறார்கள். கால் யாருடையது என்று பார்ப்பதில்லை.

எல்லா ஊரும் அப்படி இல்லைதான். அதே தீவில் மமோயாதா என்ற மலை ஊரில் மமுதோனெஸ் என்ற வேஷக்காரர்கள் உண்டு. கறுப்பு மர முகமூடி, ஆட்டுத் தோல், முதுகில் 30 கிலோ அளவுக்கு மணிகள். அது வழக்கமாக ஆண்களுக்கு மட்டும். பாரம் தூக்க முடியாது என்பதுதான் காரணம் என்று யாராவது சொன்னால், காலையில் எங்கள் தெருவுக்கு வந்து தண்ணீர்க் குடம் எடுக்கிற அம்மாக்களைப் பார்க்கட்டும்.

ஒரே தீவில் ஓர் ஊர் இப்படி, இன்னோர் ஊர் அப்படி. ஆகவே "வெளிநாட்டிலும் மரபு இதுதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. எந்த மரபு, எந்த ஊர், யார் வைத்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஓட்டம் முடிகிற நேரம் கொம்பொனிதோரி ஓடுகிற குதிரை மேலேயே மல்லாந்து படுத்துக்கொள்வார். கையில் இருக்கிற பூச்செண்டை ஆட்டிக் கூட்டத்தை ஆசீர்வதித்துக்கொண்டே போவார். கடிவாளம் பக்கம் பார்வையே இருக்காது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

நடுவில் ஒரு திங்கட்கிழமை வருகிறதே, அன்றைக்குச் சும்மா இருக்க மாட்டார்கள். அது சின்னப் பிள்ளைகள் முறை, சார்தில்யெட்டா. அந்தத் தீவின் ஜியாரா மேட்டு நிலத்துக் குட்டைக் குதிரைகளில் ஏறி அவர்களும் நட்சத்திரத்தைக் குத்தப் பார்ப்பார்கள். எனக்கு அங்கே போக ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் நான் திங்கட்கிழமையைத்தான் கேட்பேன்.