பூத்துப்போன சோப்பு

மாட்டுங்காவில் ஒரு பொங்கல் விழா. அரங்கின் வாசலில் நம் பெண்கள் போட்டிருந்த கடைகளில் ஒன்று கைச்சோப்புக் கடை. போட்டிருந்தவள் தாராவி 90 அடி சாலைப் பக்கம் குடியிருப்பவள். பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. மேசைமேல் எண்பது சோப்புகள் அழகாக அடுக்கியிருந்தன. மேசைக்கடியில் ஒரு சாக்கு. அதில் என்ன என்று கேட்டேன். "பூத்துப்போனது மாமி. யாரும் எடுக்க மாட்டேங்காவ" என்றாள். நாற்பது சோப்புகள்! மூன்றில் ஒரு பங்கு சரக்கு சாக்குக்குள். தேங்காய் எண்ணெய் இன்று விற்கிற விலையில் அவளுக்கு லாபம் எங்கே மிஞ்சும்?

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மேலே சாம்பல் பூசியதுபோல் வெண்பொடி, அவ்வளவுதான். ஆனால் பார்த்தவர்கள் "பூசணம்" என்று முகம் சுளித்திருக்கிறார்கள். அது பூசணமே அல்ல. எண்ணெயும் காஸ்டிக் சோடாக் கரைசலும் சேர்ந்து சோப்பாகிக் கொண்டிருக்கும்போது, மேற்பரப்பில் மீந்திருக்கும் காஸ்டிக் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கூடிச் சோடியம் கார்பனேட்டாகப் படிகிறது. மார்கழிக் குளிரில் கலவை சூடேறாமல் மெதுவாக இறுகினால் இது அதிகம். முதல் இரண்டு குளியலில் போய்விடும். வெட்டிய துண்டின் நடுவில் வட்டமாய் நிறம் மாறித் தெரிவதும், மழைக்காலத்தில் சோப்பு வியர்ப்பதும் இதே ஜாதிதான். பெரிய ஆலைகளில் பெரும்பாலும் பிரித்தெடுத்துவிடும் கிளிசரின் கைச்சோப்பில் அப்படியே தங்குகிறது. அது காற்றின் ஈரத்தை இழுக்கிறது. பம்பாயின் ஆடி மாதத்தில் வியர்க்காதது எது, சொல்லுங்கள்!

நம் வீட்டு வழக்கத்தையே பாருங்கள். முந்திரியில் முழுசு ஒரு விலை, துண்டு ஒரு விலை. பாயசத்துக்குத் துண்டு போதும் என்று கேட்டு வாங்குகிறோம். நொய்யரிசியில் கஞ்சி வைக்கிறோம். உடைந்த முறுக்கைக் கடைக்காரர் தனி டப்பாவில் போட்டு விலை குறைத்துத் தருகிறார். யாருக்கும் இதில் கௌரவக் குறைச்சல் இல்லை. சோப்புக்கு மட்டும் ஏன் இந்த வீம்பு? வழுவழுப்பான காகித உறையைப் பார்த்தே பழகிய கண்தான் காரணம். சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த டாக்டர் வி.பி. சித்தன் 1969இல் வீட்டில் காய்ச்சத் தொடங்கியதுதான் மெடிமிக்ஸ். கையால் செய்த சோப்பாகவே அது பல்லாண்டு வளர்ந்தது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

அதற்காக எல்லாக் குறையும் மேனிக்குறை என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் சுமார் 180 கிராம் காஸ்டிக்கை வாங்கிக்கொள்ளும். கைச்சோப்புக்காரர்கள் அதைவிடச் சற்றுக் குறைத்தே போடுவார்கள். தராசு தவறி அதிகமாகிவிட்டாலோ, சரியாகக் கலக்காமல் விட்டாலோ, உள்ளே வெண்கட்டிகளாகவோ நீர்முத்தாகவோ காஸ்டிக் தங்கிவிடும். அது தோலைப் பொசுக்கும். அதைப் பாதி விலைக்கல்ல, இனாமாகக்கூடக் கொடுக்கக் கூடாது. ஆரஞ்சுப் புள்ளி விழுந்து சிக்கு வாடை அடித்தால் எண்ணெய் கெட்டுவிட்டது என்று பொருள். ஆபத்து இல்லாவிட்டாலும் காசு வாங்குவது நியாயமில்லை. நாலைந்து வாரம் காயும்போது நீர் வற்றி எடையும் குறையும். நூறு கிராம் என்று எழுதி எண்பத்தெட்டு கிராம் கொடுத்தால் அது அழகுக் குறை ஆகாது. அதற்கு வேறு பெயர்.

ஆகவே அவளிடமும் எனக்குக் கோபம் உண்டு. ஒளித்து வைத்ததால்தானே சந்தேகம்? தனித் தட்டில் வைத்து, "மேலே வெண்பொடி படிந்தவை, எண்ணெய் அதேதான், நூறு ரூபாய்ச் சோப்பு எண்பது ரூபாய்" என்று ஓர் அட்டை எழுதி வைத்திருக்கலாம். இருபது ரூபாய்க்கு மேல் குறைக்கவும் கூடாது. அடிமாட்டு விலைக்குப் போட்டால் நல்ல தட்டிலிருப்பதையும் ஜனங்கள் அந்த விலைக்கே கேட்பார்கள். நம்மவர் பேரம் தெரியாததா!

இன்னொன்று. விற்பனைக்குக் குளியல் சோப்பு செய்ய, 1940ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். பத்தடி அறையில் பரணில் சோப்பு காயவைக்கும் பெண் அந்த மனுவை எழுதி, கட்டணம் கட்டி, தனியாக அலைவது நடக்கிற காரியமா? செம்பூரிலும் மாட்டுங்காவிலும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் எத்தனை பேர் இருக்கிறோம். மாலை நடைக்குப் போகும் நேரத்தில் ஒரு மணி இதற்குக் கொடுக்கலாம். நாலைந்து பெண்கள் சேர்ந்து பொது இடமொன்றில் காய்ச்சினால் ஒரே உரிமத்தில் வேலை நடக்கும். மகளிர் அணியினர் இதை எடுத்துக்கொண்டால் மனு எழுத நான் தயார்.

அந்தச் சாக்கிலிருந்து ஆறு சோப்பு வாங்கி வந்தேன். அவள் பாதி விலைதான் சொன்னாள். எண்பது வீதம் கொடுத்தேன். வீட்டில் மூன்று தீர்ந்துவிட்டன. அடுத்த விழாவில் இரண்டாம் தட்டுக்கும் மேசையில் இடம் ஒதுக்குமாறு விழாக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.