வாப்பாவின் கபன் துணி

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு கபன் துணி இருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போன வாப்பா, ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்தது. வருசத்துக்கு ஒருமுறை வெயிலில் போட்டு எடுத்து, கற்பூரம் வைத்து மடிப்பார். "மகன், நான் மௌத்தானா இதத்தான் சுத்தணும்" என்பார். 2020 டிசம்பரில் கொரோனாவில் மௌத்தானார். அந்தத் துணி அவர்மேல் படவேயில்லை. என் வாப்பாவை எரித்துவிட்டார்கள்.

எரிக்கச் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்டார்கள். போடமாட்டேன் என்றேன். "நீங்கள் போடாவிட்டாலும் எரிப்போம்" என்றார்கள். குளிப்பாட்டவில்லை, கபனிடவில்லை, முகத்தையும் காட்டவில்லை. மூடிய பெட்டியைத் தூரத்தில் நின்று பார்த்து, அங்கேயே தொழுதேன். மறுநாள் ஒரு சிறிய சாம்பல் முட்டியைக் கையில் தந்தார்கள். அதை வைத்துக்கொண்டு எந்தக் கப்றுக்குப் போவேன்?

நாங்கள் கலகக்காரர்கள் இல்லை. மார்க்கத்தை விடாதே, சட்டத்தை மீறாதே என்று சொல்லி வளர்த்தவர் வாப்பா. நாட்டுக்கு உறுதியான ஆட்சி வேண்டும் என்று நம்பிய குடும்பம் எங்களுடையது. 2019 ஏப்ரல் 21இல் இலங்கையின் தேவாலயங்களில் எங்கள் மார்க்கத்தின் பெயரால் சிலர் குண்டு வெடிக்கவைத்தபோது வெட்கத்தாலும் துக்கத்தாலும் குனிந்தோம். அந்தக் கொலைகாரர்களின் உடல்களை ஏற்று அடக்கமாட்டோம் என்று எங்கள் உலமா சபையே அறிவித்தது. கொரோனா வந்ததும் பள்ளிவாசலைப் பூட்டினோம். ஜும்ஆவை விட்டோம். ரமழான் தராவீஹை வீட்டுக்குள் தொழுதோம். கொலைகாரனுக்கு நாங்கள் மறுத்த மண்ணை, ஒரு பாவமும் அறியாத என் வாப்பாவுக்கு அரசாங்கம் மறுத்தது. கட்டுப்பட்டு நடந்ததற்கு இதுவா கூலி?

2020 ஏப்ரல் 11இல் வர்த்தமானி வந்தது. கொரோனாவில் இறந்தவர்களின் உடல்களை 800 முதல் 1200 பாகை வெப்பத்தில், குறைந்தது 45 நிமிடம் எரிக்கவேண்டும் என்றது. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. எத்தனையோ நாடுகளில் அடக்கினார்கள். இங்கே நிலத்தடி நீரில் கிருமி பரவும் என்றார்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போனோம். டிசம்பர் முதலாம் திகதி மனுக்களை விசாரணைக்கே எடுக்காமல் தள்ளினார்கள். அதே டிசம்பரில், பெற்றோர் கெஞ்சக் கெஞ்ச, பிறந்து 20 நாளான ஒரு பச்சிளங்குழந்தையையும் எரித்தார்கள். பொரளை மயான வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டி அழுதார்கள். வேறென்ன செய்வது?

எங்கள் வாக்கில் பாராளுமன்றம் போனவர்கள் என்ன செய்தார்கள்? எங்கள் ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருந்த 2020 ஒக்டோபரில், ஜனாதிபதியின் கையில் அதிகாரத்தை அள்ளிக் கொடுக்கும் 20ஆவது திருத்தத்துக்கு, எதிரணியில் இருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் சிலரும் கைதூக்கினார்கள். அதை எப்படி மறப்பேன்?

2021 பெப்ரவரி 25இல் இன்னொரு வர்த்தமானி வந்தது. அடக்கலாம் என்றது. ஓட்டமாவடி மஜ்மா நகரில் 3,634 உடல்கள் அடக்கப்பட்டன. முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அங்கே உறங்குகிறார்கள். அப்படியென்றால் நிலத்தடி நீரின் ஆபத்து எங்கே போனது? ஒரு கையெழுத்தில் ஆபத்து வரும், இன்னொரு கையெழுத்தில் போய்விடும் என்றால், அது விஞ்ஞானமா, வன்மமா? அந்தக் கையெழுத்து மூன்று மாதம் முந்தி வந்திருந்தால் வாப்பா மண்ணுக்குள் இருந்திருப்பார்.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்றார்கள். அந்த 276 பேரில் ஒருவர் என் வாப்பா. யார் சொல்லி எரித்தீர்கள், எந்த ஆய்வை நம்பி எரித்தீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. குற்றம் செய்தவனின் பெயரைச் சொல்லாத மன்னிப்பு எங்களுக்கு எதற்கு?

ஆட்சிக்குக் கட்டுப்படுகிறேன். வரி கட்டுகிறேன். இன்றும் சட்டத்தை மதிக்கிறேன். ஆனால் மௌத்தானவரின் உடல் அரசாங்கத்தின் சொத்து அல்ல, அது அல்லாஹ்வின் அமானிதம். அதில் கைவைத்தவர்கள் யார் என்று இந்த நாடு பெயர் சொல்லி எழுதி வைக்கவேண்டும். நாளை இன்னொரு சமூகத்தின் ஜனாஸாவுக்கும் இந்தக் கதி வராதிருக்க, எல்லாரும் எங்களோடு சேர்ந்து கேளுங்கள்.