கழுத்தில் துளையா? பதற வேண்டாம்!

பாளை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி. பூச்சிமருந்து குடித்தவர்கள், விபத்தில் அடிபட்டவர்கள் வருவார்கள். வாய்க்குள் குழாய் வைத்து வென்டிலேட்டர் ஓடும். நாள் கூடினால் குழாய் தொண்டையைப் புண்ணாக்கும்.

எந்த ஆஸ்பத்திரியானாலும், "கழுத்துல துளை போடணும்" என்றதும் சொந்தக்காரர்கள், "அய்யய்யோ, பேச்சே போயிருமே!" என்று கையெழுத்து போட மாட்டார்கள்.

வீண் பயம்! 2016 அக்டோபர் 7-ல் முதல்-அமைச்சர் ஜெயலலிதாவுக்கும் இதே துளைதான். வால்வு வைத்துப் பேசினார் என்று ஆஸ்பத்திரியே அறிவித்தது. டிசம்பரில் அவர் இறந்ததற்குச் சொன்ன காரணம் இதயம், துளை அல்ல. குணமாகி குழாயை எடுத்தால் துளை பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும்.

அவசரமும் வேண்டாம். 2013-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வில் 909 பேர். 4 நாளுக்குள் போட்டாலும், 10 நாள் பொறுத்தாலும் சாவில் பெரிய வித்தியாசம் இல்லை. பொறுத்தவர்களில் பாதிக்கு மேல் துளை போடாமலே போனது. பலர் அதற்குள் தேறிவிட்டார்கள்!

இதை வராந்தாவில் அழுது நிற்கிற தாயிடம் டாக்டர் 2 நிமிடம் சொல்லக்கூடாதா? பேப்பரை நீட்டி, "இங்கே கைநாட்டு வை" என்றால் அவள் எதை நம்பி வைப்பாள்?