டிரைவர் காலா, ரப்பர் வாஷரா?

லாரியில் க்ளட்ச் போனால் முதலில் மாட்டுவது யார் தெரியுமா? பிளேட்டும் இல்லை, பேரிங்கும் இல்லை. டிரைவர்.

"க்ளட்ச் மேலயே காலை வெச்சிக்கினு ஓட்டியிருக்காம்பா, வேற என்ன?" இது ஓனர்.

"ஆமா மொதலாளி, பிளேட் முடிஞ்சிருக்கும். கியர்பாக்ஸை இறக்கிடலாம்." இது பட்டறை.

டிரைவர் வாயைத் திறப்பதற்குள் விசாரணை முடிந்து, பேட்டாவில் எவ்வளவு பிடிப்பது என்கிற தீர்ப்பும் எழுதப்பட்டுவிடும். இந்த வசனத்தை விருத்தாசலத்தை அடுத்த நல்லூரிலும் கேட்கலாம், நாமக்கல்லிலும் கேட்கலாம்.

'எனக்கென்ன, நான் ஸ்கூட்டர் ஓட்டுகிறவன்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விருத்தாசலம் பீங்கான் ஊர். நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில். உங்கள் வீட்டு மீட்டர் பெட்டியில் இருக்கும் வெள்ளை ஃப்யூஸ் கேரியர், போன நவராத்திரிக்கு வாங்கிய கொலு பொம்மை, இவையெல்லாம் அங்கிருந்து வந்திருக்கலாம். மண் உள்ளே வரவும் சரக்கு வெளியே போகவும் லாரி வேண்டும். சின்னத் தொழிலுக்குக் கட்டுப்படியாகிற வாடகையில் எந்த லாரி வரும்? வயசான லாரிதான் வரும். வயசான லாரியில் வயசான ரப்பர் இருக்கும். விஷயமே அந்த ரப்பர்தான்.

ஹைட்ராலிக் க்ளட்ச் ஒன்றும் பெரிய மாயம் இல்லை. பெடலை மிதித்தால் மேலே இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளும். ஆயில் குழாய் வழியாக ஓடி, கீழே கியர்பாக்ஸ் ஓரத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். அது ஃபோர்க்கைத் தள்ள, பிரஷர் பிளேட் விலகி, எஞ்சின் வேறு கியர்பாக்ஸ் வேறு என்று பிரியும். திரவத்தை அமுக்க முடியாது என்கிற ஒரே நம்பிக்கையில் இத்தனையும் நடக்கிறது. இந்த இரண்டு சிலிண்டருக்குள்ளும் ஆயிலைத் தாங்கிப் பிடிப்பவை விரல் நுனியளவு ரப்பர் வாஷர்கள். அது தேய்ந்தால் பிரஷர் நிற்காது. பெடல் தரையோடு போகும், கியர் விழாது, 'கரகர' என்று பல் கடிக்கும்.

இப்போது டிரைவர் மீதுள்ள குற்றச்சாட்டைப் பாருங்கள். க்ளட்ச் மேல் காலை வைத்தே ஓட்டினால் என்ன ஆகும்? பிளேட் வழுக்கித் தேயும், கருகும், ரிலீஸ் பேரிங் போகும். எஞ்சின் உறுமும், வண்டி ஏறாது. அதாவது மிதிக்காதபோதும் க்ளட்ச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பிரஷர் போன வண்டியிலோ, மிதித்தாலும் க்ளட்ச் விடவில்லை. ஒன்று பிடிக்காத நோய், இன்னொன்று விடாத நோய். வாந்திக்கும் மலச்சிக்கலுக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற டாக்டரிடம் நீங்கள் போவீர்களா? லாரிப் பட்டறையில் மட்டும் ஏன் தலையாட்டுகிறோம்?

கியர்பாக்ஸை இறக்கினால் கூலி. பிளேட் மாற்றினால் பிளேட்டிலும் லாபம். வாஷர் கிட் மாற்றினால் என்ன மிஞ்சும்? எல்லா மெக்கானிக்கையும் சொல்லவில்லை. பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுகிற கைராசிக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் ஓனரே தீர்ப்பைச் சொல்லிக்கொண்டு உள்ளே நுழையும்போது, எதிர்த்துப் பேசி வேலையைக் குறைத்துக்கொள்ள யாருக்குத் தலையெழுத்து?

சோதிக்கக் கால் மணி நேரம் போதும். ஆயில் டப்பாவைத் திறந்து பாருங்கள். அளவு குறைந்திருக்கிறதா? குறைந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. கேபினுக்குள் பெடலுக்கு மேலே, தண்டு மாஸ்டர் சிலிண்டருக்குள் நுழைகிற இடத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். ஈரம் இருந்தால் குற்றவாளி மாஸ்டர் சிலிண்டர். கீழே ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். உள்ளிருந்து ஆயில் வழிந்தால் அது. குழாய் மூட்டுகளையும் ஹோஸையும் விட்டுவிடாதீர்கள். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் ஹோஸைப் பிடித்துப் பார்த்தால், பழைய ஹோஸ் பலூன் மாதிரி உப்புவது கையிலேயே தெரியும்.

வெளியே ஒரு சொட்டுகூட இல்லை, ஆனாலும் பெடலை அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது என்றால்? மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ஆயில் வாஷரைத் தாண்டிப் பின்னால் போகிறது. 'எங்கேயும் ஒழுகலையே, அப்ப பிளேட்தான்' என்று பலரும் ஏமாறுகிற இடம் இது. சந்தேகம் தீரவில்லை என்றால் ஸ்லேவுக்குப் போகிற ஹோஸை, அதற்கென்று இருக்கும் வழவழப்பான கிளாம்பால் நெரித்துவிட்டு மிதியுங்கள். பெடல் கல் மாதிரி நின்றால் மாஸ்டர் நிரபராதி, கோளாறு கீழே. அப்போதும் இறங்கினால் மேலேதான் கோளாறு.

நாலைந்து தடவை பம்ப் அடித்தால் பெடல் ஏறி வருகிறதா? பெரும்பாலும் காற்று புகுந்திருக்கிறது. உடனே ஏர் எடுத்துக் கொடுத்துக் காசு வாங்கி அனுப்புகிற பட்டறைகள் உண்டு. அடுத்த வாரம் அதே வண்டி அங்கே வந்து நிற்கும். காற்று தானாகவா உள்ளே போகும்? ஆயில் வெளியேறிய வழியில்தான் போயிருக்கும். வழியை அடைக்காமல் ஏர் மட்டும் எடுப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

ஊற்றுவது என்றதும் இன்னொரு கோபம் வருகிறது. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை டப்பாவில் ஊற்றுகிறார்களே, அதைவிட மெதுவான கொலை உண்டா? பிரேக் ஆயிலுக்கென்று செய்த ரப்பர் அது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். பிறகு ஒரு வாஷரோடு நிற்காது, எல்லா ரப்பரையும் மாற்றி, குழாயையும் கழுவ வேண்டும். சில வண்டிகளில் க்ளட்சுக்கும் பிரேக்குக்கும் டப்பா ஒன்றே. ஊற்றினவர் எதில் விளையாடியிருக்கிறார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரியான ஆயிலே ஆனாலும் அதற்கும் ஆயுசு உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிற திரவம் அது. வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டால் டிகாஷன் நிறமாகி, சிலிண்டருக்குள் அரித்துக் குழி போட்டுவிடும். குழி விழுந்த சிலிண்டரில் புது வாஷர் போட்டாலும் அது சீக்கிரம் கிழியும். அங்கே சிலிண்டரையே மாற்றத்தான் வேண்டும். சில புது மாடல்களில் ஸ்லேவ் கியர்பாக்ஸ் கூண்டுக்குள்ளேயே இருக்கிறது, அதற்கு இறக்கித்தான் ஆகவேண்டும். பெரிய லாரிகளில் காற்றழுத்த பூஸ்டர் சேர்ந்திருக்கும், காற்று கசிகிறதா என்று அதையும் பார்க்க வேண்டும். எதுவாக இருந்தாலும் முதலில் பாருங்கள், பிறகு பிரியுங்கள் என்பதுதான் என் வழக்கு.

டிரைவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று ஓனர்கள் கோபிக்கலாம். ஆயில் குறைவதைப் பார்த்தும் சொல்லாமல் ஓட்டுகிற டிரைவருக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால், 'சொன்னா இப்ப டிரிப் முக்கியம், அப்புறம் பாக்கலாம்ங்கிறாங்க சார்' என்கிறாரே, அதற்கு என்ன பதில்? விடாத க்ளட்சோடு அவர் என்ன செய்வார்? கியரிலேயே போட்டு செல்ஃப் அடித்து வண்டியைக் கிளப்புவார். வண்டி ஒரு துள்ளு துள்ளித்தான் நகரும். அந்த நேரத்தில் பம்பருக்கு முன்னால் கிளீனர் நிற்கக் கூடாது. ஒரு சைக்கிள்காரர் நிற்கக் கூடாது. உங்கள் பிள்ளை நிற்கக் கூடாது.

பணம் பிடிக்கிற கதைக்கு வருவோம். 1936-ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், நஷ்டத்துக்காகக் கூலியில் பிடிப்பதென்றால் அது தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக வந்த நஷ்டமாக இருக்க வேண்டும் என்றது. பிடிக்கும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது. 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொழிலாளியைக் கேட்காமல் பிடிக்கக் கூடாது என்றே இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதிவைத்த மரியாதை இது. எத்தனை ஷெட்டில் கேட்கிறார்கள்?

டிரைவர் அண்ணே, நீங்கள் ஒன்று செய்யுங்கள். கியர்பாக்ஸை இறக்கியே தீருவேன் என்றால் பக்கத்திலேயே நில்லுங்கள். கழற்றிய பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். ரிவெட் தலை வெளியே தெரியாமல், லைனிங் கருகாமல், கனமும் மிச்சம் இருந்தால் அதைப் பழைய இரும்புக்குப் போட விடாதீர்கள். மொதலாளி மேஜைமேல் கொண்டுபோய் வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரில் கழற்றிய கிழிந்த வாஷரையும் பக்கத்தில் வையுங்கள்.

அதைப் பார்த்துவிட்டு, பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்த ஓனர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். அவர் பெயரை இதே பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுகிறேன்.