ஒண்டியாக நிற்கும் யானைக்கு ஒரு துணை

மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில், பவானி ஆற்றங்கரையில் கோயில் யானைகளுக்கு நலவாழ்வு முகாம் நடந்தபோது என் வகுப்பு மாணவிகளை அழைத்துப் போயிருந்தேன். லாரியிலிருந்து இறங்கிய ஒரு யானை நாலடி நடந்து நின்றது. எதிரே இருந்த இன்னொரு யானை துதிக்கையை நீட்டி, நுனியை அதன் வாய்க்குள் வைத்தது. பிறகு இரண்டும் நெற்றியோடு நெற்றி உரசி நின்றன. பாகன் கூப்பிட்டும் நகரவில்லை. “வருசம் பூரா ஒண்டியாத்தான் நிக்குதுங்க டீச்சர், இங்க வந்தாத்தான் தன் சாதியப் பாக்குது” என்றார்.

முப்பது வருடம் உயிரியல் நடத்தியவள் நான். யானை மூளையின் எடை ஏறக்குறைய 5 கிலோ, தரைவாழ் விலங்குகளில் அதுவே பெரியது என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அவ்வளவு பெரிய மூளைக்கு என்ன வேலை என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

குரங்கினங்களில் கூட்டம் பெரிதாக இருந்தால் மூளைப் புறணியும் பெரிதாக இருக்கிறது என்று 1992இல் ஆய்வாளர் ராபின் டன்பார் எழுதினார். யார் உறவு, யார் பகை, யார் நம் பக்கம் என்று நினைவில் வைக்க மூளை வேண்டும் என்பது அவர் வாதம். 2017இல் வந்த ஓர் ஆய்வு, கூட்டத்தைவிட உணவே முக்கியம், பழம் தின்னும் இனங்களுக்கே மூளை பெரிது என்றது. அந்த விவாதம் நடக்கட்டும். 2011இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 23 மக்காக் குரங்குகளின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். பெரிய கூட்டத்தில் வாழ்ந்தவற்றுக்கு மூளையின் சில பகுதிகளில் சாம்பல் நிறப் பொருள் கூடியிருந்தது. ஒரே ஆயுளுக்குள், துணை இருப்பதே மூளையை மாற்றுகிறது.

யானைகளும் யார் பழகியவர் என்று நினைவில் வைக்கின்றன. கென்யாவின் அம்போசெலி தேசியப் பூங்காவில் கேரன் மெக்கோம்ப் ஆய்வுக் குழுவினர் யானைக் குரல்களை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார்கள். வயதான தலைவி இருந்த குடும்பங்கள் பழகிய குரலையும் அந்நியக் குரலையும் தெளிவாகப் பிரித்தறிந்தன.

இப்படிப்பட்ட உயிரைத்தான் ஒற்றையாகச் சங்கிலியில் கட்டி வைத்து ஆசி வாங்குகிறோம். குளியலும் தீவனமும் குறையாமல் கிடைக்கலாம். தன் குரலுக்குப் பதில் குரல் கிடைப்பதில்லை. முகாம் நடந்த காலத்திலும் அது 48 நாளில் முடிந்துவிடும், மீதி நாளெல்லாம் தனிமைதான்.

பக்கத்துக் கோயில்களின் யானைகளை ஒரே இடத்தில் சேர்த்துப் பராமரிக்கலாம். விழா நாளில் மட்டும் அழைத்து வரலாம். துணைக்கு வழியில்லாத இடத்துக்குப் புதிய யானை வேண்டாம். யானைக்கு வெல்லம் கொண்டுபோகும் அன்பர்களே, அடுத்த முறை போகும்போது கோயில் அலுவலகத்தில் இதைக் கேட்டு ஒரு மனுவும் எழுதிக் கொடுங்கள்.