பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டிய வலி அல்ல

மதுரை அழகர்கோவிலுக்குப் பிள்ளை வரம் வேண்டி வரும் தம்பதிகள் பலர், அதற்குள் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்து முடித்திருப்பார்கள். ‘உறவின்போது வலிக்கிறதா?’ என்று மட்டும் அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வலி காரணமாக ஒருமுறைகூடச் சேர முடியாமல், குழந்தைக்காக மட்டும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பதிகளும் உண்டு.

தொற்று, கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சி, தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களின் ஹார்மோன் குறைவு என்று இந்த வலிக்குக் காரணங்கள் பல. அதனால் முதலில் பார்க்க வேண்டியது மகளிர் மருத்துவரைத்தான். பிரசவத் தழும்பும் ஒரு காரணம். தலைப்பிரசவத்தில் பிறப்புறுப்பின் ஓரத்தை வெட்டித் தைப்பது நம் ஆஸ்பத்திரிகளில் நெடுநாள் வழக்கம். எல்லோருக்கும் அப்படி வெட்டத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. தையல் ஆறிவிட்டதா என்று பார்ப்பதோடு நம்மூரில் விசாரணை முடிந்துவிடுகிறது. அது போதாது.

காரணம் எதுவானாலும், வலி நீடித்தால் தசையும் சேர்ந்துகொள்ளும். இடுப்பெலும்பின் அடியில், முன்னெலும்பிலிருந்து வாலெலும்புவரை விரிந்திருக்கும் தசைகள்தான் சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தாங்குகின்றன. கண்ணருகே விரல் வந்தால் இமை மூடிக்கொள்வதுபோல, வலிக்கும் என்ற பயத்திலேயே இவை இறுகிவிடும். இறுகியதால் வலிக்கும், வலித்ததால் மறுமுறை இன்னும் இறுகும். அந்தப் பெண் வேண்டுமென்று செய்வதல்ல இது. ‘ஒத்துழைக்க மாட்டேங்கிறா’ என்று பழி போடுவது அநியாயம்.

இங்கேதான் பிசியோதெரபி உதவுகிறது. முதல் நாள் பெரும்பாலும் பேச்சுதான். உள்பரிசோதனை அவள் சம்மதித்தால் மட்டுமே; ‘போதும்’ என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். பயிற்சி மூச்சிலிருந்து தொடங்கும். முழங்காலை மடித்து மல்லாந்து படுத்து, வயிற்றில் கை வைத்து, வயிறு மேலெழும்படி மெதுவாக மூச்சை இழுத்தால் இடுப்பின் அடித்தசை தளர்ந்து இறங்கும். பிறகு இறுகிய இடங்களையும் தழும்பையும் விரலால் மெல்ல நீவிவிடுவார்கள். அடுத்து டைலேட்டர்: விரல் பருமனில் தொடங்கும் வழுவழுப்பான குழல்கள். ஜெல் தடவி, பிறப்புறுப்புக்குள் மெல்லச் செலுத்தி, வீட்டிலேயே, தன் வேகத்தில் ஒவ்வோர் அளவாகப் பழகலாம். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகும்.

ஒரு எச்சரிக்கை. யூடியூபில் காட்டும் கெகல் பயிற்சி தசையை இறுக்குவதற்கானது. 1948-இல் டாக்டர் அர்னால்ட் கெகல் அதை எழுதியது சிறுநீர்க் கசிவு போன்ற தொல்லைகளுக்காக. ஏற்கெனவே இறுகிய தசைக்கு அதைச் செய்தால் வலி கூடக்கூடும்.

அழகர்கோவில் சாலையிலேயே வந்தால் தல்லாகுளம் தாண்டி, கோரிப்பாளையம் பக்கத்தில் அரசு இராசாசி மருத்துவமனை. மகளிர் பிரிவில் வலியைத் தயங்காமல் சொல்லுங்கள். இந்தத் தசைப் பயிற்சி தெரிந்த பெண் பிசியோதெரபிஸ்ட் யார் என்று கேளுங்கள். கணவர்களும் கூட வாருங்கள். சிகிச்சை பலன் தரும்வரை, வலிக்கும் உறவுக்கு அவளை வற்புறுத்தாதீர்கள்.