பெரிய கமெராவா, சின்னக் கமெராவா?



கந்தளாய்ப் பகுதியில் மாதர் சங்கக் கூட்டங்களுக்குப் போகும்போது அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "மிஸ், ஒரு கமெரா வாங்கினால் அதை வைத்துப் பிழைக்கலாமா? லென்ஸ் கழற்றி மாட்டுகிற பெரிய கமெராவை வாங்குவதா, கைப்பைக்குள் போடுகிற சின்னதை வாங்குவதா?" தையல், கோழி வளர்ப்பு, மா இடித்தல் என்ற வட்டத்தைத் தாண்டி எங்கள் பெண்கள் யோசிப்பது மகிழ்ச்சியான விடயம். ஆனால் மாதச் சம்பளம் எடுப்பவருக்கு இது விருப்பம் பற்றிய கேள்வி. கணவனை இழந்து, குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்ணுக்கு இது இரண்டு மூன்று போக நெல்லுச் சேமிப்பை எதில் போடுவது என்ற கேள்வி. அதனால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

படம் என்பது எங்களுக்கு என்ன?

2006 ஆகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உடுத்த உடையோடு கந்தளாய்க்கு வந்து சேர்ந்தன. அதற்கு முன் 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து கரையோர வீடுகளை அள்ளிக்கொண்டு போனது. வீடு திரும்பக் கட்டப்பட்டது. பானை சட்டி திரும்ப வாங்கப்பட்டது. திரும்ப வாங்க முடியாமற் போனவற்றில் முதலாவது குடும்பப் படங்கள். காணாமலாக்கப்பட்ட மகனின் படத்தைக் கையில் ஏந்தி நிற்கும் தாயிடம் பல வேளைகளில் இருப்பது அந்த ஒரேயொரு படந்தான். அதுவும் பாடசாலைக் குழுப்படத்திலிருந்தோ அடையாள அட்டையிலிருந்தோ பெருப்பித்ததாக இருக்கும். ஆகவே கமெரா எங்களுக்கு ஆடம்பரப் பொருள் அல்ல. அதேவேளை, விலை கூடிய கமெராதான் வேண்டும் என்பதும் அல்ல. எந்த வேலைக்கு எது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு

கமெராவுக்குள் ஒளியை வாங்கிப் படமாக்கும் ஒரு சிறு தகடு உண்டு. அதனை சென்சர் என்பார்கள். சாதாரண சின்னக் கமெராவில் இது ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் நீளமும் நாலரை மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. சின்ன விரல் நகத்தை விடவும் சிறியது. ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆர். கமெராவில் அது ஏறத்தாழ 22 மில்லிமீற்றருக்கு 15 மில்லிமீற்றர். பரப்பளவைக் கணக்கிட்டால் பன்னிரண்டு மடங்கு வரும். மழைக்கு முற்றத்தில் வாய் அகன்ற அண்டாவையும் பக்கத்தில் ஒரு போத்தலையும் வைத்தால் எதில் தண்ணீர் கூடச் சேரும்? ஒளியும் அப்படித்தான். வெளியே வெயிலில் எடுக்கும்போது இரண்டு கமெராவின் படமும் நன்றாகவே வரும். மாலை நேரத்தில், ஒரு மின்குமிழ் எரியும் வீட்டுக்குள் எடுக்கும்போதுதான் சின்னக் கமெராவின் படம் புள்ளி புள்ளியாகக் கலங்கும்.

அடுத்தது வேகம். பெரிய கமெராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரத்தின் வழியே, உள்ளே உள்ள கண்ணாடியில் பட்டுவரும் காட்சியையே நேரே பார்க்கிறோம். பொத்தானை அமர்த்தியதும் படம் விழும். சின்னக் கமெராவில் அமர்த்தியதற்கும் படம் விழுவதற்கும் இடையில் சிறு தாமதம் உண்டு. தாலி கட்டும் கணம் இரண்டாந்தரம் வராதல்லவா?

மூன்றாவது பற்றரி. நிக்கோன் டி3500 என்ற ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆர். ஒருமுறை சார்ஜ் செய்தால் 1,550 படம் வரை எடுக்கும் என்று அதன் நிறுவனம் கூறுகிறது. சின்னக் கமெராக்கள் பெரும்பாலும் 200 முதல் 300 படத்துடன் ஓய்ந்துவிடும்.

சின்னதற்கும் சிறப்புகள் உள்ளன. பாரம் குறைவு, பையில் தெரியாது, பழகுவது இலகு. லென்ஸ் கழற்றும் வேலை இல்லாததால் உள்ளே தூசி போகும் ஆபத்தும் குறைவு. வயலும் செம்மண் பாதையுமாக உள்ள எங்கள் பகுதியில் இது சின்ன விடயமல்ல.

"எத்தனை மெகாபிக்சல்?" என்று கேட்டே பலர் கமெரா வாங்குகிறார்கள். ஆறுக்கு நான்கு அங்குலத்தில் ஒரு தெளிவான படம் அச்சிட ஏறத்தாழ 2 மெகாபிக்சலே போதும். சுவரில் மாட்டும் 18 க்கு 12 அங்குலப் படத்துக்குத்தான் 19 வரை வேண்டும். ஆகவே அந்த எண்ணைக் காட்டி விலையைக் கூட்டினால் ஏமாறாதீர்கள்.

சந்தை மாறிவிட்டது

2010 இல் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கமெராக்கள் 12 கோடிக்கு மேல் என்பது ஜப்பானியக் கமெரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கு. 2022 இல் அது ஏறத்தாழ 80 இலட்சமாகச் சுருங்கியது. காரணம் எங்கள் கையில் உள்ள தொலைபேசிதான். மலிவான சின்னக் கமெராவின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. பெரிய கமெராவிலும் மாற்றம் வந்துவிட்டது. கெனனும் நிக்கோனும் 2020 ஆம் ஆண்டுக்குப் பின்னர் புதிய டி.எஸ்.எல்.ஆர். எதையும் வெளியிடவில்லை, உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கமெராக்களுக்கு மாறிவிட்டன.

இதில் எங்களுக்கு ஒரு நன்மை உண்டு. படப்பிடிப்பாளர்கள் புதுவகைக்கு மாறும்போது அவர்களின் பழைய டி.எஸ்.எல்.ஆர். கமெராக்கள் குறைந்த விலைக்கு வருகின்றன. 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின் புதிய கமெரா எங்கள் கைக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. ஆதலால் பழையதை நன்றாகப் பரிசோதித்து வாங்குவதே புத்தி.

எதற்காகப் படம்?

முதலாவது, வீட்டுத் தேவையும் சங்கத் தேவையும். பிள்ளைகளின் படம், வெள்ளத்தில் அழிந்த பயிரின் படம், பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கும் வீட்டுச் சேதத்தின் படம், விற்பனைக்குள்ள பன்பாயின் படம். இவற்றுக்கு சுமாரான தொலைபேசியே போதும். வீட்டில் ஏற்கெனவே ஒரு சின்னக் கமெரா இருந்தால் அதுவும் போதும். இதற்காக எதுவும் புதிதாக வாங்க வேண்டாம்.

சின்னக் கமெராவால் என்ன பெரிய காரியம் ஆகும் என்று நினைக்காதீர்கள். 1990 களின் தொடக்கத்தில் சீனாவின் யுனான் மாகாணத்தில் 62 கிராமத்துப் பெண்களிடம் எளிதில் கையாளக்கூடிய கமெராக்கள் கொடுக்கப்பட்டன. கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இரு பெண்கள் இதனை முன்னின்று நடத்தினர். அந்தக் கிராமத்துப் பெண்கள் தங்கள் அன்றாட வாழ்வைப் படமெடுத்து அதிகாரிகளுக்குக் காட்டினார்கள். தாய்மார் வயலில் நிற்கும்போது பார்க்க ஆளில்லாமல் இருக்கும் குழந்தைகளின் நிலை அதில் வெளிப்பட்டது. பிள்ளைப் பராமரிப்பு நிலையம், மருத்துவிச்சிப் பயிற்சி, பெண்பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் போன்றவற்றுக்கு அந்தப் படங்கள் வழிவகுத்தன. கமெரா சின்னது, எடுத்தவர்களுக்கு என்ன காட்ட வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

இரண்டாவது, பழைய படங்களைப் பிரதியெடுத்தல். இதற்கும் தொலைபேசியோ சின்னக் கமெராவோ போதும். காலை நேரத்தில், நேர்வெயில் படாத விறாந்தையில், வெள்ளைத் துணிமேல் படத்தைத் தட்டையாக வையுங்கள். பிளாஷை நிறுத்துங்கள். கமெராவைப் படத்துக்கு நேர் மேலே சரிவில்லாமல் பிடியுங்கள். சின்னக் கமெராவில் பூப் போன்ற அடையாளம் ஒன்று இருக்கும். கிட்டப் பொருளை எடுக்க அதைத் தெரிவுசெய்ய வேண்டும். சட்டகத்துக் கண்ணாடியில் படம் ஒட்டிப் போயிருந்தால் உரிக்க வேண்டாம், கிழிந்துவிடும். கண்ணாடியோடு வைத்தே எடுங்கள். எடுத்ததை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று உங்களிடம், மற்றது வேறு ஊரில் உள்ள உறவினரிடம். ஓடவேண்டி வந்தால் எல்லாவற்றையும் தூக்க முடியாது என்பதை நாங்கள் பட்டறிந்தவர்கள்.

மூன்றாவது, உழைப்புக்காக விழாக்களைப் படமெடுத்தல். இதற்குத்தான் டி.எஸ்.எல்.ஆர். வேண்டும். எங்கள் மாவட்டத்தில் பெண் படப்பிடிப்பாளருக்கு ஒரு தேவை இருக்கிறது. முஸ்லிம் திருமண வீடுகளில் பெண்கள் பகுதிக்குள் வெளி ஆண்களை விடுவதில்லை. சாமத்திய வீட்டில் தண்ணீர் வார்க்கும்போது ஆண் ஒருவர் கமெராவோடு நிற்பதை எந்தத் தாய் விரும்புவாள்? அந்த இடத்துக்கு ஒரு பெண் போனால் வீட்டாருக்கும் நிம்மதி. 18-55 என்று குறிக்கப்பட்ட, கமெராவோடு வரும் லென்ஸே தொடக்கத்துக்குப் போதும்.

நான்காவது, அடையாள அட்டைப் படமும் கடவுச்சீட்டுப் படமும். "ஒரு வெள்ளைத் திரை கட்டினால் போதுமே" என்று பலர் நினைக்கிறார்கள். அது இப்போது நடவாது. தேசிய அடையாள அட்டைக்கான படத்தை ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவுபெற்ற ஸ்ரூடியோவில் எடுக்க வேண்டும். கடவுச்சீட்டுக்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்ரூடியோ வேண்டும். அங்கிருந்து படம் கணினி வழியே திணைக்களத்துக்குப் போகும். உங்களுக்குப் பற்றுச்சீட்டு தருவார்கள். இந்த வருமானத்தை நம்பிக் கமெரா வாங்கிவிடாதீர்கள்.

பழைய கமெரா வாங்கும்போது

• பழக்கமுள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்ரூடியோவில் வேலை செய்யும் தம்பி யாராவது இருந்தால் நல்லது.
• கமெரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேளுங்கள். இதனைக் கணினி மூலம் பார்க்க முடியும். ஆரம்பநிலைக் கமெராக்களில் படமெடுக்கும் திரை பொதுவாக ஓரிலட்சம் தடவையை அண்டியே தாங்கும். எண்பதாயிரம் ஓடியதை மலிவு என்று வாங்காதீர்கள்.
• லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலைபோல் தெரிந்தால் அது பூஞ்சணம். வேண்டாம்.
• வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் சென்சரில் தூசி உண்டு.
• வாங்கியபின் அலுமாரியில் உடுப்போடு வைக்க வேண்டாம். இறுக மூடும் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள்.

கடன் பற்றி ஒரு வார்த்தை

கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம். கமெரா 80,000 ரூபா. ஒரு விழாவுக்குக் கூலி 10,000 ரூபா. அல்பம், அச்சு, போக்குவரத்து என 6,000 ரூபா போனால் மிஞ்சுவது 4,000 ரூபா. அப்படியானால் கமெராவின் விலையைத் திரும்பப் பெறவே 20 விழா வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக்கள் வீட்டில் கல்யாணம் இல்லை. நோன்பு மாதத்தில் முஸ்லிம்கள் வீட்டிலும் இல்லை. ஆனால் நுண்கடன் தவணை கேட்டு வருபவர் கிழமை தவறாமல் வருவார்.

ஓரிலட்சம் ரூபாவுக்கு "24 வீதந்தான் வட்டி" என்று சொல்லி, முழுத் தொகைக்கும் ஆண்டு முழுவதும் வட்டி போட்டு 12 மாதத் தவணையில் வாங்கினால், நீங்கள் கட்டுவது 1,24,000 ரூபா. முதல் மாதத்திலிருந்தே முதல் குறைந்துகொண்டு போவதால், உண்மையான வட்டி 40 வீதத்துக்கும் மேல். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டப் பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் தீர்மானித்தபோது திருகோணமலையும் அதில் ஒன்றாக இருந்தது. 2021 இல் அயல் மாவட்டமான பொலன்னறுவையின் ஹிங்குராக்கொடையில் பெண்கள் நுண்கடனுக்கு எதிராக 55 நாட்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கமெரா இன்னொரு கடன் கதையாகிவிடக் கூடாது.

ஆகவே என் ஆலோசனை இது. முதல் ஆறு மாதம் கையிலுள்ள தொலைபேசியால் பழகுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வரவேண்டும், ஆட்களை எப்படி நிறுத்த வேண்டும் என்பதைக் கற்பதற்கு அது போதும். ஒரு படப்பிடிப்பாளரோடு உதவிக்குப் போங்கள். மூன்று நான்கு வீட்டார் தாமாக உங்களை அழைக்கும் நிலை வந்தபின் பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றை வாங்குங்கள். தனியே முடியாவிட்டால் நான்கு பேர் சீட்டுப் பிடித்துப் பொதுவில் வாங்கலாம். ஒருவர் படமெடுக்க, ஒருவர் கூடப் போக, ஒருவர் அல்பம் செய்யலாம். இரவில் தூர இடங்களுக்குப் போய்வரவும் துணை இருக்கும்.

நம்பிக்கையே முதல்

பெண்கள் பகுதிக்குள் உங்களை விட்டவர்கள் உங்கள் நாணயத்தை நம்பி விட்டவர்கள். அவர்களின் அனுமதி இல்லாமல் ஒரு படத்தையும் முகநூலில் போடக்கூடாது. மெமரி கார்டை வீட்டில் உள்ளவர்களிடமும் கொடுக்கக்கூடாது. அல்பம் கொடுத்தபின் படங்களை வைத்திருப்பதா அழிப்பதா என்று வீட்டாரிடமே கேளுங்கள். ஒரு பெண்ணின் படம் வெளியே போனால் பாதிக்கப்படுவது அவளுடைய வாழ்வு. அடுத்ததாக உங்கள் தொழில்.

சுருங்கச் சொன்னால், வீட்டுக்கும் சங்கத்துக்கும் சின்னதே போதும். தொழிலுக்குப் பெரியது வேண்டும். ஆனால் வேலை முதலில் வரட்டும், கமெரா பிறகு வரட்டும். இன்றே செய்யக்கூடிய ஒன்று மட்டும் உண்டு. வீட்டில் மிஞ்சியிருக்கும் பழைய படத்தை எடுத்து, விறாந்தை வெளிச்சத்தில் வைத்து, கையில் இருப்பதைக் கொண்டு ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.